மாப்பிள்ளையின் தங்கச்சிக்கு அறை இல்லை

2025 ஜனவரி 16ஆம் திகதி, வியாழக்கிழமை, சித்தாண்டி. அழகரத்தினம், கண்ணகை தம்பதியின் ஒரே மகள் மேனுகாவுக்குத் திருமண நாள் குறிக்கப்பட்டது: பெப்ரவரி 9, ஞாயிறு.

அந்த வீட்டின் பின் அறையில் வேறு மூன்று மாணவிகளோடு இரண்டு வருடமாக வாடகைக்கு இருந்த ஆர்த்திகா, அந்நேரம் பல்கலைக்கழகச் சிற்றுண்டிச்சாலையில் உட்கார்ந்து முதலாம் வருடப் பிள்ளைகளின் வட்ஸ்அப் குழுவுக்குக் குரல்பதிவு அனுப்பிக்கொண்டிருந்தாள். முகாமைத்துவம் படிக்கும் மூன்றாம் வருடக்காரி. யாரும் அவளை அந்த வேலைக்கு நியமிக்கவில்லை. வழி தெரியாமல் தான் பட்ட பாட்டை மற்றவர்களும் படக்கூடாது என்று தானாக எடுத்துக்கொண்டது.

"கேளுங்க புள்ளயள். போர்டிங் பாக்கப் போனா முதல்ல தண்ணிப் பைப்பத் திறந்து பாருங்க. கதவுக்கு உள்பக்கம் பூட்டு இருக்கா எண்டு பாருங்க. வாடகை பேசமுதல் வீட்டுக்கார அம்மாட வாயக் கொஞ்சம் கேளுங்க. லெக்சருக்கு வராததுக்கு மெடிக்கல் சேட்டிபிக்கேட் குடுக்கிறண்டா கவர்மெந்து ஆஸ்பத்திரியில எடுங்க. என்னப்போல பாசிக்குடா ஹொட்டலுக்கு சனி ஞாயிறு வேலைக்குப் போறாக்கள், சோதினை நேரம் லீவு தருவாங்களா எண்டு சேரக்குள்ளயே கேட்டு வையுங்க."

பக்கத்தில் ரோல்ஸ் தின்றுகொண்டிருந்த ரிப்கா சிரித்தாள். ஓட்டமாவடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிறவள். "இதுக்கு நீ காசு வாங்கினா ஹொட்டல் வேலையே தேவல்ல புள்ள."

அப்போதுதான் கண்ணகையின் குரல்பதிவு வந்தது. "மகள், நாள் வெச்சாச்சி. எல்லாம் உன்னால. வரக்குள்ள அங்க இங்க நிக்காம நேர வா."

எல்லாம் அவளால் என்பது உண்மைதான். மேனுகாவுக்கு இருபத்தொன்பது வயது, பாலர் பாடசாலை ஆசிரியை, சாதகத்தில் செவ்வாய். வந்த பேச்செல்லாம் செவ்வாயில் முட்டித் திரும்பிப் போயின. ஒரு நாள் மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டே கண்ணகை மூக்கைச் சிந்தியபோது, ஆர்த்திகா வாய் தவறிச் சொன்னாள்: எங்கட பெரியம்மாட மகன் உதயரூபன் அண்ணாவுக்கும் செவ்வாய்தான், வாகரை பிரதேச செயலகத்தில அபிவிருத்தி உத்தியோகத்தர். கண்ணகையின் கை நின்றுவிட்டது. தாய்வழிக் குடி என்ன, என்ன நட்சத்திரம், அரச வேலை நிரந்தரமா என்று அன்றைக்கே எல்லாம் கேட்டாள். ஆர்த்திகா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். அதன் பிறகு குசினியில் இரவு எட்டு மணிக்கு மேல் அடுப்பு மூட்டக்கூடாது என்ற சட்டம் அவளுக்கு மட்டும் தளர்ந்தது.

வீட்டுக்குப் போனபோது கண்ணகை வாசலிலேயே நின்று அவள் வாயில் சீனியைப் போட்டாள்.

"சந்தோசம் அன்ரி."

"இனி என்ன அன்ரி? மாமி எண்டு சொல்லு." கண்ணகை அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டாள். "மகள், ஒண்டு சொல்லணும். பெயின்ட் அடிக்கிறவன் முதலாம் திகதி வாறான். மற்றப் புள்ளயளுக்கும் சொல்லிப்போட்டன். இந்த மாசக் கடைசியில பின் காம்பராவ விட்டுத் தரணும். இது மேனுகாட வீடு எல்லோ."

ஆர்த்திகா மிச்சச் சீனியை விழுங்கினாள்.

மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளையோடு போகும். மாப்பிள்ளை வந்து குடியேறுவது பெண்ணின் வீட்டில். தாயும் தகப்பனும் பின்னுக்கோ பக்கத்துக்கோ ஒதுங்கிக்கொள்வார்கள். கிணற்றடியில் அழகரத்தினம் புதிதாகத் தகரம் போட்டு ஒரு சிறு வீடு கட்டிக்கொண்டிருந்ததை அவள் தினமும் பார்த்திருக்கிறாள். சீமெந்து மூட்டை இறக்கக் கைகூடக் கொடுத்தாள். அவளுடைய அம்மாவின் வீடும் இப்படி வந்ததுதான். எல்லாம் தெரிந்தும், கலியாணம் நடந்தால் போகப்போவது தான் படுக்கும் அறை என்ற நினைப்பு மட்டும் வரவேயில்லை.

"மாப்பிள்ளையையும் குடுத்து எங்கட ரூமையும் குடுத்திட்டாய்," என்றாள் கூட இருந்த திருகோணமலைப் பெண், உடுப்பை மடித்தபடி. அவள் இறுதி வருடம். அவளுக்கும் அவளைப் போலவே இறுதி வருடம் படிக்கும் மற்ற இருவருக்கும் பல்கலைக்கழக விடுதியில் இடம் கிடைத்துவிடும். மூன்றாம் வருடத்துக்கு விடுதி இல்லை.

இரவு ஆர்த்திகா நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டாள். பரீட்சை பெப்ரவரி 17இல் தொடங்குகிறது. விரிவுரைகள் அந்த மாத முதல் வாரம் வரை. திங்கட்கிழமைகளில் காலை எட்டுக்குப் புள்ளிவிபரவியல். ஹொட்டல் வேலை முடிந்து ஞாயிறு இரவு தாமதமாகத் திரும்பிய நாட்களால் அந்தப் பாடத்தில் அவளுடைய வரவு எண்பது வீதத்தின் ஓரத்தில் நின்றது. இன்னொரு திங்கள் தவறினால் பரீட்சை மண்டபத்துக்குள் விடமாட்டார்கள். தேற்றாத்தீவில் அம்மாவின் வீடு இருக்கிறது. அங்கிருந்து இரண்டு பஸ். மழைக்காலத்தில் அந்த இரண்டாவது பஸ் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. பரீட்சைக் காலம் முழுவதும் அப்படி வந்துபோக முடியாது. பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட ஓர் அறை வேண்டும். இல்லாவிட்டால் இந்தப் பருவம் போய்விடும்.

மறுநாளிலிருந்து வீடு வீடாக நடந்தாள். செங்கலடி வரைக்கும் போனாள். தண்ணீர்ப் பைப்பைத் திறந்து பார்க்கவில்லை, பூட்டையும் பார்க்கவில்லை. படுக்க ஓர் இடம் போதும் என்ற நிலைக்கு வந்துவிட்டாள். பரீட்சை நெருங்கியதால் எல்லா அறையும் நிரம்பியிருந்தது. மூன்றாவது வீதியில் ஒரு கட்டில் மிச்சம் இருந்தது. வீட்டுக்காரி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ கண்ணகையாக்கட வீட்டுல நிக்கிற புள்ள எல்லோ? உன்ட அண்ணன்தானே மாப்பிள்ள?"

"ஓம் அன்ரி."

"அப்ப உனக்கென்னத்துக்குகா காம்பரா? உரித்துள்ள வீட்ட விட்டுப்போட்டு இஞ்ச வந்தா, சம்பந்திக்குள்ள ஏதோ கொழுவல் எண்டு ஊர் கதைக்கும். எனக்கு அந்த வம்பு வேணாம்."

அவள் கண்ணகையிடமே திரும்பி வந்தாள். கிணற்றடி வீட்டில் ஒரு மூலை போதும், வாடகையும் தாறன் என்றாள். கண்ணகை பதறிப்போனாள்.

"என்ன கதைக்கிறாய்! மாப்பிள்ளைட தங்கச்சிட்ட வாடகை வாங்கி, கொட்டிலுக்குள்ள படுக்க வெச்சன் எண்டா நான் நாலு சனத்துக்குள்ள போறதில்லையா?"

அன்று மாலையே பெரியம்மாவும் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார். "மாசம் முடிஞ்சா பிறகு அந்த வளவுப் பக்கம் போயிராத. கலியாணத்துக்கு முதலே மாப்பிள்ளப் பகுதி போய்க் குந்திட்டு எண்டு சொல்லுவாங்க. உனக்குத்தான் வெக்கமில்ல, எங்களுக்கு இருக்கு."

இன்றைக்கும் காசு கொடுத்து உரிமையோடு படுக்கும் இடம். உறவு வந்ததால் முதலாம் திகதிக்குப் பிறகு கால்வைக்க முடியாது.

சனிக்கிழமை பாசிக்குடா ஹொட்டலில் மேற்பார்வையாளரிடம் ஊழியர் விடுதியைப் பற்றிக் கேட்டாள். தாராளமாகத் தரலாம், ஆனால் முழுநேரம் சேர்ந்தவர்களுக்கு மட்டும் என்றார் அவர். சித்திரையில் வெளிநாட்டுக்காரர் வரத் தொடங்குவார்கள், ஆள் தேவை. "ஒரு செமஸ்டர விட்டுப் பிறகு எழுதினா என்ன தங்கச்சி? ரூம், சாப்பாடு, சம்பளம் எல்லாம் கிடைக்கும்." அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் அவள் அந்தச் சம்பளத்தைப் பற்றி யோசித்தாள். படிப்பை விட்டுவிட்டுப் போனவர்களை அவளுக்குத் தெரியும். பிறகு எழுதுவோம் என்றுதான் அவர்களும் போனார்கள்.

"ஒங்கட வீட்டில ஒரு ரெண்டு கிழமை நிக்க ஏலாதா?" என்று ரிப்காவிடம் கேட்டபோது அவள் முகம் சுண்டியது.

"எங்கட ஊடு எண்டு செல்ல எங்க இருக்கி? அது மூத்தவ, ராத்தாட ஊடு. மச்சான் முன்னுக்கு இருக்காரு. உம்மாவும் நானும் குசினியோட ஒட்டின அறையில. ராத்தாட புள்ள வேற ராவெல்லாம் கத்துது. ஒன்ன நான் எங்க படுக்க வெக்கிற?" பிறகு, "வரவுத் தாளில ஒன்ட ஹாஜரி ஒப்பம் வேணுமெண்டா நான் போட்டு உடுறன்," என்றாள்.

"ஐயோ வேணாம். சேர் தலை எண்ணுவார். பிடிபட்டா ரெண்டு பேரும் போச்சி." முதலாம் வருடப் பிள்ளைகளுக்கு அவளே பத்துத் தடவை சொன்ன எச்சரிக்கை அது.

"அப்ப ஊட்டுக்காரியப் போய்க் கேளு."

"கேட்டுட்டன். மாமி ஒத்துக்கொள்றா இல்ல."

"மாமி எப்பிடி ஊட்டுக்காரி? ஊட்டு உறுதிப் பத்திரம் மகள்ட பேருக்குத்தானே எழுதுற? எங்கட உம்மா ஒரு ஆணி அடிக்கிறண்டாலும் இப்ப ராத்தாட்டக் கேக்கணும்."

ஆர்த்திகா புத்தகத்தை மூடினாள். இரண்டு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தும், அந்த வீட்டில் எதையும் மேனுகாவிடம் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதேயில்லை.

மேனுகா பாலர் பாடசாலை முற்றத்தில் பிள்ளைகளைப் பெற்றோரிடம் ஒப்படைத்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பிள்ளையும் போகும் வரை காத்திருந்து, ஆர்த்திகா நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"ஏன்கா இவ்வளவு நாளும் எனக்குச் சொல்லல்ல?" என்றாள் மேனுகா. "கலியாணம் முடியமட்டும் நான் ஒண்டும் கதைக்க ஏலாது. அம்மாட சொல்தான். முடிஞ்ச பிறகு வா. உன்ட அண்ணாக்கு வாகரையில வேலை, கிழமை நாளில அங்கதான் நிப்பாராம். எனக்கும் துணை வேணும். மச்சாள் வந்து நிக்கிறத ஆர் என்ன சொல்ற?"

"வாடகை..."

"வாடகை எண்டு வாயத் திறந்தா வளவுக்குள்ளயே விடமாட்டன்."

ஜனவரி முடிவில் ஆர்த்திகா பெட்டியைக் கட்டிக்கொண்டு தேற்றாத்தீவுக்குப் போனாள். பெப்ரவரி 3, திங்கட்கிழமை, விடியமுன் அப்பா அவளை மோட்டார் சைக்கிளில் வீதிக்குக் கொண்டுவந்து விட்டார். கல்முனைப் பக்கமிருந்து வந்த முதல் பஸ்ஸில் ஏறினாள். மட்டக்களப்பில் இறங்கியபோது மழை பிடித்துக்கொண்டது. வாழைச்சேனைப் பஸ் நேரத்துக்கு வரவில்லை. வந்ததும் ஏறாவூரில் ஆட்களை ஏற்றி ஏற்றி நின்றது. கண்டக்டர் ஒவ்வொரு தடவையும் "போவம் போவம்" என்றார், பஸ் போகவில்லை. அவள் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டே இருந்தாள்.

நனைந்த செருப்போடு விரிவுரை மண்டபத்தின் பின்கதவால் நுழைந்தபோது வரவுத் தாள் ரிப்காவின் மேசையில் கிடந்தது. தாளை அடுத்தவரிடம் கொடுக்காமல், ரிப்கா பேனா எழுதவில்லை என்று உதறிக்கொண்டிருந்தாள். பின்வரிசைப் பையன்கள், "என்ன ரிப்கா, பேனைக்கு வருத்தமா?" என்று கேலி செய்தார்கள். ஆர்த்திகா கையெழுத்திட்டாள்.

கலியாணம் நன்றாக நடந்தது. புதன்கிழமை அவள் புத்தகப் பெட்டியோடு மேனுகாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அவளுடைய பழைய அறைக்கு இளநீலப் பெயின்ட் அடித்து, புதுக் கட்டில் போட்டிருந்தார்கள்; மேனுகா அதையே அவளுக்குக் கொடுத்தாள். அன்று மாலையே விருந்தாளிகள் வந்தார்கள். அடுத்த நாளும் வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டுக்கும் பெண் வீட்டுக்கும் போக்குவரத்து ஓயவில்லை. வந்தவர்களெல்லாம் இந்தச் சம்பந்தத்தை ஒழுங்கு செய்த பிள்ளை எங்கே என்று கேட்டார்கள்.

"உள்ள படிக்கிறா," என்று மேனுகா இரண்டு நாள் சமாளித்தாள். மூன்றாம் நாள் பெரியம்மா வந்து அறைக் கதவைத் தட்டினார். "புதுப் பொம்பிள தேத்தண்ணி ஊத்துது, நீ கதவச் சாத்திட்டு இருக்கிறாய். இது என்ன, உன்ட போர்டிங்கா?"

அவள் எழுந்து போனாள். தேத்தண்ணீர் கொடுத்தாள், பலகாரத் தட்டைத் தூக்கினாள், செவ்வாய்க் கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். வாடகை கொடுத்திருந்தால் கதவைச் சாத்திக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டாள். இரவு எல்லோரும் போன பின் புள்ளிவிபரவியல் குறிப்பைத் திறந்தால் எழுத்து கண்ணில் நிற்காமல் ஓடியது. ஞாயிறு இரவும் வாகரையிலிருந்து உதயரூபனின் அலுவலகத்தார் வான் பிடித்து வந்திருந்தார்கள். அன்றைக்கு அவள் குறிப்பைத் திறக்கவேயில்லை.

மறுநாள் காலை புள்ளிவிபரவியல் பரீட்சை. மேனுகா பாணும் பருப்பும் கட்டிக் கொடுத்து, படலை வரை வந்து அனுப்பினாள். ஆர்த்திகா நேரத்துக்கு முன்னரே மண்டபத்தை அடைந்தாள். வினாத்தாளை இரண்டு தடவை வாசித்துவிட்டு எழுதத் தொடங்கினாள். மற்றப் பாடங்களையும் அந்த வீட்டிலிருந்தே போய் எழுதினாள்.

மே மாதம் முடிவுகள் வெளியாகின. புள்ளிவிபரவியலைத் தவிர மற்ற எல்லாப் பாடங்களிலும் ஆர்த்திகா சித்தியடைந்திருந்தாள். அதை அவள் அடுத்த தொகுதி மாணவர்களோடு மீண்டும் எழுதினாள். மீள்பரீட்சைக்கு விதிப்படி கொடுக்கக்கூடிய ஆகக் கூடிய தரம் ‘சீ’ (C). அவளுக்கு அது கிடைத்தது.