சிவப்புப் பென்சில்

சிவப்புக் கோடு நான் படிக்க வந்திருக்கும் அமெரிக்க நகரத்தின் நடுவே ஓடுகிறது, வகுப்பறைத் திரையில், எண்பது வருஷத்துக்கு முந்திய வரைபடம், கறுப்பர்கள் குடியிருந்த தெருக்களை வளைத்து, இதற்குள் வீட்டுக்கடன் கிடையாது என்று யாரோ நிதானமாக இழுத்த கோடு, எங்க தாத்தா வீடு இதுக்குள்ளதான் இருந்துச்சு என்கிறாள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் லோரெய்ன், போன மாதம்வரை அந்தத் தெருக்காரர்கள் சோம்பேறிகள், அதனால்தான் ஏழைகள் என்று நம்பியிருந்த நான் எழுந்து நின்று, இது தெரிந்தே செய்த திருட்டு என்று குரல் உயர்த்திப் பேசுகிறேன், கைதட்டுகிறார்கள், உங்க ஊர்ல இப்படி ஏதாவது உண்டா என்று லோரெய்ன் கேட்கிறாள், இல்லையே என்கிறேன், இந்த வாய்தானே அன்றைக்கும் சொன்னது, ஒன்பதாம் வகுப்பு, மோட்டார் கொட்டகை நிழல், வேலிக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறார் சேரியிலிருந்து வந்த சடையன், பால் கவரில் சுற்றிய பழைய பட்டா நகலை நீட்டுகிறார், படிக்கிற புள்ள நீங்க, இதுல எங்க தாத்தன் பேரு இருக்குதா பாத்துச் சொல்லுங்க சின்னய்யா, இருந்தது, பெயரும் சர்வே எண்ணும், வெள்ளைக்காரன் காலத்தில் சேரிக்காரர்களுக்கென்றே கொடுத்த பஞ்சமி நிலம், வேறு சாதிக்காரர் வாங்கக்கூடாது என்பதும், அந்தச் சர்வே எண் எங்கள் கடலைக்கொல்லையுடையது, அப்பா வரப்பிலிருந்து என்னையே பார்க்கிறார், எழுத்து அழிஞ்சுபோச்சு, தெரியல என்றேன், சடையன் அதை அதே மடிப்பில் மடித்து, போவட்டும், கண்ணக் கெடுத்துக்காதீங்க என்றார், அவனுங்க நெலத்தக் குடிச்சே அழிச்சானுங்க, நாமதான் உழுதோம் என்று அப்பா சாப்பாட்டுக்கு நடுவே சொல்வார், அதுதான் எனக்குத் தெரிந்த சரித்திரம்.

இப்போது, வகுப்பு முடிந்து திரும்பும் பேருந்தின் ஜன்னலோரம், அதே அப்பாவின் குரல் போனில் பதிவுச் செய்தியாக வருகிறது, கண்ணு, சடையன் மவன் நம்ம கொல்லையக் கேட்டு கலெக்டர்கிட்ட மனு குடுத்திருக்கான், அதுக்குள்ள மனை போட்டு வித்துடணும், நெலம் உன் பேருலதான இருக்கு, பவர் எழுதி அனுப்பு, அப்புறம், அந்தக் கறுப்பனுங்க தெருவுல ரூம் கீம் எடுத்துடாத, நான் போனை வாயருகே வைத்து, அப்பா, அது நம்ம நெலம் இல்ல, அன்னிக்கு எனக்கு எழுத்து நல்லாத் தெரிஞ்சுது என்கிறேன், போன் நான் சொன்னதை ஒரு பிழையுமில்லாமல் எழுதிவிட்டு, அனுப்பும் பொத்தானைக் காட்டிக் காத்திருக்கிறது, அம்மா என்ன சொல்வாள், தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் அக்கா, அந்த வீட்டுக்குள் இனி எந்த முகத்தோடு போவேன், ஒவ்வொரு எழுத்தாக அழிக்கிறேன், சரிப்பா, அனுப்பறேன் என்று போனிடம் சொல்கிறேன், அதையும் பிழையில்லாமல் எழுதுகிறது, அனுப்பிவிடுகிறேன், உடனே அப்பாவிடமிருந்து ஒரு படம் வருகிறது, கொல்லையின் நிலப்படம், நான்கு எல்லையும் விளங்கட்டுமென்று சிவப்புப் பென்சிலால் அழுத்தி இழுத்திருக்கிறார், நிதானமான கோடு, இந்தத் தடவை அதற்குள்ளே, குண்டு குண்டு எழுத்தில், என் பெயர்.