கொக்கி எந்தப் பக்கம்

அக்டோபர் 14, செவ்வாய். ரயில் நிலைய விடுதியில் வைத்த கல்லூரி வரலாற்றுப் பலகையில் ஆர்கட் வீட்டு மாடுகளுக்குப் போடும் சூட்டுக்குறியை இடவலம் மாற்றி வரைந்துவிட்டேன். மூன்று முறை சரிபார்த்தேன். மூன்று முறையும் தப்பாகவே.

இதை எழுதிவிட்டு லோரீன் ஜன்னலுக்குப் போனாள், திரும்பி வந்தாள், மறுபடியும் போனாள். வயோமிங் காற்று கண்ணாடியை உலுக்கியது.

காலையில் அவள் வேலை பார்க்கும் தீவனக் கடைக்கு பண்ணைக்காரர் வேட் ஆர்கட் மாட்டுக்கு உப்புக்கட்டி வாங்க வந்திருந்தார்.

"ஏம்மா லோரீன், காலேஜுக்கு நெலம் குடுத்தது எங்க கொள்ளுத்தாத்தா. பலகையில இருக்கறது டீக் வீட்டுக் குறி. எங்க மாட்டத் திருடி ஓட்டிட்டுப் போனவனுக்கு நெலத்தையும் சேத்துக் குடுத்துட்டியே."

கொக்கி வலப்பக்கம் வளைந்தால் ஆர்கட், இடப்பக்கம் என்றால் டீக். விடுதிச் சுவரில் தொங்கிய ஆர்கட் சூட்டுக்கோலை அவள் பார்த்தபடியே வரைந்து பெயின்டரிடம் கொடுத்திருந்தாள். கோலின் முகத்தில் குறி திரும்பித்தான் இருக்கும், தோலில் பட்டால்தான் நேராகும் என்பது ரயில்வேக்காரர் மகளான அவளுக்கு உறைக்கவில்லை. சனிக்கிழமை பழைய மாணவர் ஊர்வலம். அதுவரை பலகை அப்படியே இருந்தால் தன் வீட்டுக் குதிரை ஒன்றுகூட வராது என்று சொல்லிவிட்டுப் போனார் வேட்.

தலைநகர ஆவணக் காப்பக வேலைக்கு கல்லூரியில் அவள் படிக்கும் மாலை வகுப்பிலிருந்து ஒருவரைத்தான் பேராசிரியர் ஹால்வர்சன் அனுப்புவார். அந்தப் பலகையைப் பார்த்துத்தான் லோரீன் பெயரைச் சொல்லியிருந்தார். இரண்டு வருடமாக, கடந்து போகும் ஒவ்வொரு சரக்கு ரயிலின் பெட்டிகளையும் எண்ணிக்கொண்டிருக்கிறாள், தான் எப்போது கிளம்புவது என்று.

வகுப்பு வரை காத்திருக்காமல், பலகையில் குறி தப்பு என்று இப்போதே அவருக்குத் தொலைபேசியில் சொன்னாள்.

"பெயின்டர் சொதப்பிட்டானா?" என்று அவரே கேட்டார்.

ஆமாம் என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடி கடந்தது.

"இல்ல சார். நான் குடுத்த படமே தப்பு."

எதைப் பார்த்து வரைந்தாள் என்று விசாரித்தார். சொன்னாள்.

"சிபாரிசுக் கடிதம் வெள்ளிக்கிழமை போகணும். யார் பேருன்னு நான் இன்னொரு தடவ யோசிக்கணும், லோரீன்."

ரிசீவரை வைத்ததும் சரக்கு ரயில் ஒன்று கடந்தது. நாற்பது வரை எண்ணினாள். அதற்குமேல் கணக்கு தப்பிவிட்டது. நோட்டுக்குத் திரும்பினாள்.

நாளை: காலை ஏழு மணிக்கு ஏணி, திருப்புளியோடு விடுதி. பலகையைக் கழற்ற வேண்டும். பிறகு ஆர்கட் பண்ணை. குறியை மாட்டின் மேலேயே பார்த்து வரைந்து, பெயின்டரிடம் கொடுக்க வேண்டும்.