பாமாவின் ஆறாவது சாம்பிள்

"அந்தம்மா பொய் சொல்றாங்க. பேரை அடிச்சிடுங்க" என்றார் டாக்டர் ரங்கநாதன்.

ஆய்வுக்காக வீடு வீடாகப் போய் சாம்பிள் வாங்கும் ஆஷாவுக்குச் சுருக்கென்றது. மார்பகத் திசு அடர்த்தியாக இருந்தால் புற்றுநோய் அபாயம் கூடுதல். ஆளிவிதையிலுள்ள தாவர ஈஸ்ட்ரோஜன் அந்த அடர்த்தியைக் குறைக்குமா என்று பார்க்கும் ஆய்வு அது. பாதிப் பெண்களுக்குத் தினமும் ஆளிவிதைப் பொடி. மீதிப் பேர் அதைத் தொடவே கூடாது. பாமா இரண்டாவது ரகம். ஆனால் அவளுடைய ஆறாவது சிறுநீர் சாம்பிளில் அதன் தடயம் எக்கச்சக்கம்.

பெயரை அடித்தால் வருஷா வருஷம் கிடைக்கும் இலவச மேமோகிராமும் போகும். பாமாவின் தங்கை அந்த நோயில்தான் போனாள்.

"ஒரு தடவை கேட்டுட்டு வரேன் சார்."

"சாயந்திரம் வரைக்கும்தான் டைம்."

சந்தாபுராவில், ஆஷாவை வாசலில் பார்த்ததும் பாமா தையல் மெஷினை நிறுத்தினாள்.

"வாம்மா. ஊட்டா ஆச்சா, சாப்ட்டியா?"

"அக்கா, ஆளிவிதை சாப்ட்டீங்களா?"

"அய்ய, தொடவே இல்ல! நீ குடுத்த லிஸ்ட்ட ஃப்ரிட்ஜ்லயே ஒட்டி வச்சிக்கீறேன், பாரு."

"சாம்பிளுக்கு முந்தின நாள் என்ன சாப்ட்டீங்க?"

"ராகி முத்தை, கீரை சாறு. அப்பால நைட்டு நீ குடுத்தது."

"நானா?"

"மறந்துட்டியா? நான் புளிசாதம் போட்டனுப்புன டப்பாவ, சும்மா குடுக்கக் கூடாதுன்னு உங்கம்மா செஞ்ச எள்ளுருண்டை ரொப்பி எடுத்தாந்தியே. பத்து உருண்டை! ஒண்ணு விடல நானு."

ஆஷா ஃப்ரிட்ஜ் அருகே போனாள். சாப்பிடக் கூடாதவை. ஆறாவது வரி: எள். ஆளிவிதையானாலும் எள்ளானாலும் சிறுநீரில் தெரிவது ஒரே தடயம்தான்.

"லிஸ்ட்ல எள்ளு இருக்கேக்கா?"

"இருக்கு. ஆனா குடுத்ததே நீயாச்சே! ஆஸ்பத்திரிப் பொண்ணுக்குத் தெரியாததான்னு இருந்துட்டேன்."

ஆய்வில் இருப்பவர்களுக்குத் தின்பண்டம் தரக் கூடாது. வேலையில் சேர்ந்த அன்றே ஆஷா கையெழுத்துப் போட்ட விதி. அவள் வாசலுக்கு வந்து போன் செய்தாள்.

"சார், பாமாக்கா மேல தப்பில்ல. எள்ளுருண்டை குடுத்தது நான். அந்த ஒரு சாம்பிளை மட்டும் தள்ளிடுங்க."



"எழுதிக் குடுப்பீங்களா?"

"குடுக்கிறேன் சார்."

"அவங்க பேரு இருக்கட்டும். நாளைக்கு ஐடி கார்டைக் கொண்டாந்து குடுத்துடுங்க."

திரும்பினால் பாமா டப்பாவுடன் நின்றாள். உள்ளே சித்ரான்னம்.

"இந்தத் தடவை காலி டப்பாதான் வரும்க்கா."

"அய்ய! எந்த ஊர்ல அப்டிக் குடுப்பாங்க?" என்று டப்பாவை அவள் கையில் திணித்தாள் பாமா.