மெதுவாக ஓட மறுத்த வண்டி

விற்கிறவன் ஒரு பொய் சொல்வான், வாங்குகிறவன் அதைவிடப் பெரிதாக ஒன்று சொல்வான். நடுவில் நிற்கிற நான் இரண்டையும் நம்பியவன்போலத் தலையாட்டுவேன். ராசிபுரத்தில் பழைய மோட்டார் சைக்கிள் தரகு அவ்வளவுதான். ராசப்பன் தன் வண்டியைத் தங்கை புருஷன் செல்லமுத்துவுக்குக் கொடுத்தபோது மட்டும் ஒரு பொய்யும் நடமாடவில்லை. எனக்கே சங்கடமாக இருந்தது.

ஆவணியில் கைமாறிய வண்டி ஐப்பசியில் மக்கர் செய்தது. குளிர்ந்து கிடந்தால் எவ்வளவு உதைத்தாலும் பிடிக்காது. தள்ளிக் கிளப்பினால் ரோட்டில் பறக்கும். தெருவில் மெதுவாகப் போனால் கரும்புகை கக்கி நின்றுவிடும். அடைமழையில் ஒரு விடியலில் செல்லமுத்துவின் மனைவி மயிலம்மாளுக்கு வயிற்றுவலி கண்டது. வண்டி கிளம்பவில்லை. சேற்றில் தள்ளவும் வழியில்லை. மாட்டு வண்டி கட்டினார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் அவள் போய்விட்டாள்.

“இந்த ராசப்பன் தெரிஞ்சே ஓட்டை வண்டிய எந்தலைல கட்டிட்டானுங்க. கூடப் பொறந்தவளையே கொன்னுட்டானுங்க” என்று செல்லமுத்து தன் ஊர்க்கூட்டத்தில் சொன்னான்.

இருவர் முன்னிலையிலும் மெக்கானிக் வண்டியைப் பிரிக்க வேண்டும், கோளாறு பழையது என்றால் ராசப்பன் இனி நல்லது கெட்டது எதற்கும் அந்த ஊரில் கால் வைக்கக் கூடாது என்று முடிவானது. பார்த்துவந்து சொல்லும் பொறுப்பு தரகனான என் தலையில்.

மெக்கானிக் காளியப்பன் பட்டறையில் இருவரும் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். பேச்செல்லாம் என் வழியாகத்தான்.

“எங்கிட்ட இருந்தவரைக்கும் ஒத்த உதைல கிளம்புங்க. இவரு உதைக்கற உதைக்கு எருமையே படுத்துக்கும்” என்றான் ராசப்பன்.

“எருமையவே வாங்கியிருக்கலாமுன்னு சொல்லுங்க” என்றான் செல்லமுத்து.

காளியப்பன் பிளக்கைக் கழற்றிக் காட்டினான். கரி அப்பிக் கிடந்தது. “பெட்ரோலு நெறையப் போகுது. காத்துதான் பத்தலைங்க. காத்து வடிகட்டற பெட்டி எங்கீங்க?”

“வாங்குன மாசமே நாந்தான் கழட்டி வெச்சுட்டேன். அது இருந்தா பெட்ரோல் சாஸ்தி குடிக்குமுன்னாங்க” என்றான் செல்லமுத்து.

பெட்டி இல்லாததால் கார்பரேட்டரின் வாய் வெளியே தெரிந்தது. அதன் கீழுதட்டில் ஒரு சின்னத் துளை. “மெதுவா ஓடறப்பவும், கிளப்பறப்பவும் இது வழியாத்தான் மூச்சு உடோணுங்க” என்று காளியப்பன் ஊசியால் குத்தினான். மஞ்சளாகப் பொடி உதிர்ந்தது. நடுவே கொஞ்சம் சிவப்பு. முகர்ந்து பார்த்தான்.

“சந்தனமுங்க. குங்குமமும் இருக்குது.”

ஆயுத பூசைக்கு வண்டியைக் கழுவிப் பொட்டு வைத்தவள் மயிலம்மாள். சக்கரம், விளக்கு, டாங்கி எல்லாவற்றுக்கும் வைத்தவள், முகம்போல வட்டமாக இருந்த அந்த வாயையும் விடவில்லை.

“சந்தனத்த நல்லா எழைச்சு வெச்சிருக்கறா” என்றான் ராசப்பன்.

காளியப்பன் துளையைப் பெட்ரோல் விட்டுக் கழுவி மாட்டினான். ஒரே உதையில் வண்டி பிடித்தது. ஆக்ஸிலேட்டரைத் தொடாமலே, தூங்குகிற பிள்ளைபோலச் சீராக ஓடியது. செல்லமுத்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சாவியைத் திருகி அணைத்தான்.

“ஊர்ல என்னன்னு சொல்லட்டுமுங்க?” என்றேன்.

“என் வண்டி ஓட்டைன்னே சொல்லீருங்க” என்றான் ராசப்பன்.

“வேண்டாம் மச்சான்.” செல்லமுத்து அன்று முதல்முறையாக நேருக்கு நேர் பேசினான். “பெட்டியக் கழட்டுனது நானு. எம்மேலயே சொல்லட்டும்.”

“பெட்டியச் சொன்னா, உள்ள என்ன போச்சுன்னு கேப்பாங்க. அவ வெச்ச பொட்டுதான்னு அவ பிள்ளைக காதுல உழுகோணுமா மாப்ள?”

“உங்கள ஊருக்குள்ள உட மாட்டாங்க.”

“போச்சாது, போனாப் போகுது.”

லாபத்துக்கு இழுபறி நடக்கும். அதில் நடுவே புகுந்து வெட்டிவிட எனக்குத் தெரியும். நஷ்டத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றால் தரகன் என்ன செய்வான்? கடைசியில் ராசப்பன் தோள்துண்டை எடுத்து என் கைமேல் போட்டு, மாட்டுச் சந்தையில் பேரம் முடிந்தால் அழுத்துவதுபோல விரல்களை அழுத்தினான். செல்லமுத்து சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

கோளாறு பழையதுதான் என்று ஊரில் சொன்னேன். உடனே நம்பினார்கள்.

மறுவருஷம் தையில் மயிலம்மாளின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி இல்லாமல் நடந்தது. மாமன் ஏன் வரவில்லை என்று அவள் கேட்டபோது, பந்தலில் இருந்த எல்லோரிடமும் பதில் இருந்தது. செல்லமுத்து மட்டும் எழுந்து வெளியே போனான்.