போலந்துக்குப் போன கபடி

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தைக்கும் பூங்குழலி, அந்த ஷூக்களை வாங்கும் போலந்துக் கம்பெனியின் பெண்களுக்கு ஆறு மாதமாக செல்போன் வீடியோவில் கபடி சொல்லிக்கொடுத்தாள். அவர்கள் ஆம்பூர் அணியோடு மோத விமானமேறி வந்துவிட்டார்கள்.

“இன்னாக்கா, வெள்ளக்காரிங்களுக்கு கபடி வருமா?” என்று சிரித்தாள் ஆம்பூர் அணித் தலைவி மெர்சி.

இரண்டு அணியும் புள்ளியில் சமமாக நிற்க, கடைசி ரைடுக்குப் போனாள் போலந்துக்காரி அன்னா. மெர்சி அவள் கணுக்காலைப் பிடித்துக் கவிழ்த்தாள். பதற்றத்தில் பூங்குழலிக்குத் தெரிந்த கொஞ்ச ஆங்கிலமும் மறந்துபோனது.

“கைய நீட்டு! கோட்டத் தொடு!” என்று தமிழிலேயே கத்தினாள்.

வீடியோவில் கேட்டுக் கேட்டுப் பழகிய வார்த்தைகள்தான்; மண்ணில் கிடந்த அன்னா “கபடி, கபடி” என்று மூச்சு விடாமல் பாடியபடியே கையை நீட்டினாள். விரல் நுனி நடுக்கோட்டில் பட்டது. ஒரு புள்ளியில் வெற்றி!

“எங்களையே தோக்கடிக்க ஆள் தயார் பண்ணிட்டியேக்கா!” என்று மெர்சி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். பூங்குழலி அன்னாவைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடினாள்.