சாட்சியில் விடுபட்ட வரிகள்

பழைய வேட்டியின் கரையைக் கிழித்து அப்பாவின் தாடைக்கு அடியில் கொடுத்து, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள் தொற்காள். முதல் முடிச்சு வழுக்கியது. வாய் மறுபடியும் திறந்துகொண்டது.

"இறுக்கிக் கட்டு. அவருக்கு நோவாது," என்றாள் அம்மா நேசம்மா, சுவரில் சாய்ந்தபடி. "உசுரோட இருக்கறப்ப அந்த வாய மூட முடிஞ்சுதா? இப்பவாவது மூடட்டும்."

தொற்காள் இரண்டாவது முடிச்சை இறுக்கினாள்.

ராசையா காலை ஆறரைக்கு இறந்துபோனார். தொண்டையில் வந்த புற்று அடங்கி, இரண்டரை வருடம் கழித்து நுரையீரலில் தலைகாட்டியிருந்தது. மணலியில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் பாய்லர் பார்த்தவர். மணிக்கொரு தரம் மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். உட்கார்ந்த இடத்திலேயே எட்டு மணி நேரத்துக்கும் ஒரே எண்ணை எழுதிவிட்டுத் தூங்குகிறவர்கள் உண்டு. இவர் ஒவ்வொரு முறையும் எழுந்துபோய்ப் பார்ப்பார். வேதத்தையும் அப்படித்தான் படித்தார். "எழுதியிருக்கறதப் படி, நீ நெனைக்கறதப் படிக்காத" என்று சின்ன வயதில் தொற்காளைப் படுத்தியெடுத்திருக்கிறார். ஒரு வசனத்துக்காக மூன்று போதகர்களோடு சண்டை போட்டவர் அவர். கடைசிச் சண்டை பாஸ்டர் கிளாட்சனோடு.

பாஸ்டர் கிளாட்சன் ஒன்பது மணிக்கே திருவொற்றியூர் வந்துவிட்டார். வந்தவுடன் நேசம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நிஜமாகவே அழுதார். ஐஸ் பெட்டிக்கும் சாமியானாவுக்கும் அவர்தான் போன் செய்தார். முப்பத்தெட்டு வயது, தும்பைப்பூப் போல வெள்ளைச் சட்டை. அவர் வந்தபிறகுதான் சபை நிரம்பியது. ஞாயிறு ஆராதனையில் விசுவாசப் பிரமாணம் சொல்வதை நிறுத்திவிட்டு, அந்த நேரத்தில் பாட்டும், கர்த்தர் செய்த நன்மையை ஆளுக்காள் எழுந்து சொல்லும் சாட்சியும் வைத்தார். "கொள்கை ஆளப் பிரிக்கும் ஐயா. அன்புதான் சேர்க்கும்," என்று ராசையாவிடம் சொன்னார். "யார நம்பறோம்னு சொல்லக்கூடத் தெரியாம எதுக்குப்பா சேரணும்?" என்று ராசையா திருப்பிக் கேட்டார். ஆராதனை முடிந்து கூட்டம் கலையும்போது, காலி நாற்காலிகளுக்கு நடுவில் தனியாக நின்று பிரமாணத்தைச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு காத்திருக்கும் தொற்காளுக்கு அவமானமாக இருக்கும்.

"சிஸ்டர்," என்று பாஸ்டர் அவளைச் சமையலறைப் பக்கம் அழைத்தார். "கல்லறை இடத்தப் பத்திக் கவலப்படாதீங்க. சபை மூப்பர்கள்கிட்ட பேசிட்டேன். பழசெல்லாம் மறந்துடுவோம். ஐயா நம்ம ஐயாதான்."

போன வருடம் சபைப் பட்டியலிலிருந்து ராசையாவின் பெயரை எடுத்திருந்தார்கள். அதனால் இந்த உடலை எங்கே கொண்டுபோவது என்பது விடிந்ததிலிருந்து அம்மாவும் மகளும் பேசாமலே பயந்துகொண்டிருந்த விஷயம்.

"தேங்க்ஸ் பாஸ்டர்."

"ஒண்ணே ஒண்ணு. நம்ம சபைப் பத்திரிகையில வந்த ஐயாவோட சாட்சி இருக்கே, அத இன்னிக்கு வாசிக்கலாம்னு நினைக்கிறேன். ஜனங்களுக்கு ஆறுதலா இருக்கும். சரிதானே?"

தொற்காள் தலையாட்டினாள்.

அந்தச் சாட்சியை எழுதியவள் அவள்தான். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்த வாரம், பாஸ்டர் கேட்டதும், சந்தோஷத்தில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தாள். முப்பத்து மூன்று தடவை கரண்ட் வைத்ததை, அதாவது தொண்டைக்குக் கதிர்வீச்சு கொடுத்ததை, எழுதினாள். தினமும் பஸ்ஸில் அப்பா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பாத்திரத்தில் துப்பிக்கொண்டே வந்ததை எழுதினாள். டாக்டரம்மா பெயரைக்கூட எழுதினாள். சபையின் உபவாச ஜெபத்தையும் எழுதினாள். அச்சுக்குப் போகும் முன் பாஸ்டர் தாளைக் காட்டினார். அரைப் பக்கமாகச் சுருங்கியிருந்தது. கரண்ட் இல்லை, பஸ் இல்லை, டாக்டரம்மா இல்லை. "ஜெபத்தினால் மட்டுமே" என்று இருந்தது. அந்த 'மட்டுமே' அவள் எழுதிய சொல் இல்லை. "இடம் பத்தல சிஸ்டர். கர்த்தர்தானே செய்தார், சுருக்கமா சொல்லிட்டோம்," என்றார். அவர் சிரித்த சிரிப்பில் அவளுக்கு மறுக்கத் தோன்றவில்லை. சரி என்றாள்.

பத்திரிகை வந்த ஞாயிறு, சாட்சி நேரத்தில் ராசையா எழுந்து நின்றார். "எனக்குக் கரண்ட் வெச்சாங்க. கர்த்தர் சுகம் குடுப்பாரு, குடுக்காமயும் இருப்பாரு. அது அவர் இஷ்டம். அவர் பேர்ல பொய் எழுதாதீங்க." கரகரத்த குரல். மைக்கை எடுத்துவிட்டார்கள். மூன்றாவது வரிசைக்குக்கூடக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் திருத்தம் போடச் சொல்லி அலைந்தார். மகளிர் ஐக்கியத்தார் நேசம்மாவைப் பார்க்க வருவது நின்றது. சபையிலிருந்து தொற்காளுக்கு வந்த இரண்டு வரன்களும் நின்றன. முப்பத்து மூன்று வயதில், ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டு, 'இந்த மனுஷன் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் என்ன' என்று அவள் நினைக்காத நாள் இல்லை. அது தன்னால் வந்த சண்டை என்பதை அவரிடம் சொல்லவும் இல்லை.

பன்னிரண்டு மணி வெயிலில் ஒரு பெண் சாமியானாவுக்குள் தயங்கி வந்தாள். நாற்பது வயது இருக்கும். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏம்மா, ராசையான்றவரு வூடு இதானா?"

"இதான். நீங்க?"

"வியாசர்பாடிலேர்ந்து வரேன். சங்கமித்ரா. அவராண்ட ஒரு விசயம் கேக்கணும்." கண்கள் ஐஸ் பெட்டியின் மேல் போய் நின்றன. "யாரு தவறிட்டது?"

"அவருதான். எங்கப்பா."

அந்தப் பெண் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தாள். மடிப்பில் கிழிந்த இடத்தில் டேப் ஒட்டியிருந்தது. அதில் ராசையாவின் புகைப்படம். "இதுல நல்லாயிட்டாருன்னு போட்டுக்கீதே."

தொற்காள் தாளைத் தொடவில்லை.

"எங்கூட்டுக்காரரு பீம்ராவுக்கும் இதே தொண்டதான். பெரியாஸ்பத்திரில கரண்ட் வெச்சாங்க. ஏழு தடவ வெச்சதுக்கே எச்சி முழுங்க முடில. அப்பத்தான் பக்கத்து வூட்டுல இத்தக் குடுத்தாங்க. நாங்க புத்தர் வழி. இருந்தாலும் அவரு இத்தத் தலகாணிக்கு அடில வெச்சிகினு, அந்தாளுக்குக் கரண்ட் இல்லாமயே நல்லாச்சு, நான் இனிமே வரமாட்டேன்னுட்டாரு. மூணு மாசமாவுது. இப்ப கஞ்சி கூட எறங்கல." அவள் குரல் தாழ்ந்தது. "அவரு வாயால கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். நீ பொண்ணு. உனக்குத் தெரியும்ல? கரண்ட் வெக்காமத்தான் நல்லாச்சா?"

வாசலில் நின்று நேசம்மா மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே பாஸ்டர் போனில், "மூணு மணிக்கு எடுத்துடுவோம், குழி ரெடியா இருக்கட்டும்," என்று யாரிடமோ சொல்வது கேட்டது.

"சர்வீஸ் முடியட்டும்," என்றாள் தொற்காள். "சொல்றேன். இருங்க."

சங்கமித்ரா தலையசைத்துக் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தாள். யாரோ கொடுத்த டீயைக் கையிலேயே வைத்திருந்தாள்.

அடக்க ஆராதனையில் பாஸ்டர் உருக்கமாகப் பேசினார். ராசையாவின் உழைப்பைச் சொன்னார், வேத அறிவைச் சொன்னார். சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிறகு பத்திரிகையை எடுத்தார். "மருத்துவர்கள் கைவிட்ட நிலையில்..." என்று வாசிக்கத் தொடங்கினார். கடைசி வரிசையில் சங்கமித்ரா தன் தாளைப் பிரித்து, விரல் வைத்து, அவர் வாசிக்க வாசிக்கக் கூடவே பார்த்துக்கொண்டு வந்தாள். 'மட்டுமே' வரும் இடத்தில் அந்த விரல் நின்றது. அவள் நிமிர்ந்து தொற்காளைப் பார்த்தாள்.

தொற்காள் எழுந்துவிட்டாள்.

"பாஸ்டர், நிறுத்துங்க. அது நான் எழுதினது. முப்பத்து மூணு தடவ கரண்ட் வெச்சாங்க. அதையும் நான் எழுதியிருந்தேன், வெட்டிட்டீங்க. வெட்டினதப் பாத்துட்டு நானும் சரின்னேன். அப்பா சொன்னதுதான்..."

"உக்காருடி," என்றாள் நேசம்மா, அவள் புடவையைப் பிடித்து இழுத்து.

பாஸ்டர் ஒரு நொடி கண்ணை மூடினார். "சிஸ்டர் ரொம்பத் துக்கத்துல இருக்காங்க. நாம எல்லாரும் எழுந்து நின்னு ஒரு பாட்டு பாடுவோம்." கீபோர்டு உடனே ஆரம்பித்துவிட்டது. எண்பது பேர் எழுந்து நின்று பாடினார்கள். தொற்காள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். தன் குரலே தன் காதில் விழவில்லை. பக்கத்தில் அம்மாவும் பாடிக்கொண்டிருந்தாள், கண்ணில் நீர் வழிய.

கடைசி வரிசையிலிருந்து சங்கமித்ரா வாயசைவில் கேட்டாள், "இன்னா?"

தொற்காள் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு போய் அவள் கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்துவந்தாள். அங்கே டேங்கர் லாரிகள் வரிசையாக உறுமிக்கொண்டிருந்தன.

"பாட்டு சத்தத்துல ஒண்ணும் கேக்கல. இன்னா சொன்ன?"

"கரண்ட் வெச்சாங்க!" என்று கத்தினாள் தொற்காள். "முப்பத்து மூணு. நான்தான் கூடப் போனேன். அதுல போட்டிருக்கறது பொய். நான்தான் அதுக்குச் சரின்னேன்."

சங்கமித்ரா அவளையே பார்த்தாள். அடிக்கப்போகிறாள் என்று தொற்காள் நினைத்தாள். அடித்தால் தேவலை என்றும் இருந்தது.

"மூணு மாசம்," என்றாள் அந்தப் பெண். "மூணு மாசம்டி." பிறகு சட்டென்று, "கரண்ட் வெச்சும் செத்துத்தானே போனாரு?"

"ஆமா."

"அப்ப எதுதான் நெசம்?"

அப்பாவாக இருந்தால் இதற்கு நீளமாக ஒரு பதில் வைத்திருப்பார். "ரெண்டரை வருசம் இருந்தாரு. சோறு முழுங்கினாரு. சண்ட போட்டாரு. அவ்ளோதான் எனக்குத் தெரியும்."

"ரெண்டர வருசம்." சங்கமித்ரா தாளை மடித்தாள், பிரித்தாள். "நான் வாயால சொன்னா எங்கூட்டுக்காரரு நம்பமாட்டாரு. எழுதிக்குடு."

தாளின் பின்பக்கத்தில், லாரி டயருக்கு முட்டுக்கொடுக்கப் போட்டிருந்த கல்லின் மேல் வைத்து, தொற்காள் எழுதினாள். முப்பத்து மூன்று தடவை, எந்த மாதம், எந்த வார்டு, டாக்டரம்மா பெயர். கீழே கையெழுத்துப் போட்டாள். அந்தப் பெண் நன்றி சொல்லவில்லை. தாளைப் பிடுங்கியது போல வாங்கிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

கல்லறைத் தோட்டத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மண் போட்டு முடித்தபின் பாஸ்டர் அவள் அருகில் வந்தார். அவர் கோபப்பட்டிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"தண்ணி குடிக்கிறீங்களா சிஸ்டர்? காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல நீங்க."

"அதப் படிச்சிட்டு ஒருத்தர் ஆஸ்பத்திரிக்குப் போறத நிறுத்திட்டாரு, பாஸ்டர்."

அவர் முகம் மாறியது. கையிலிருந்த வேதாகமத்தை மறுகைக்கு மாற்றினார். "அவர் பேர் சொல்லுங்க," என்றார் கடைசியில். "வெள்ளிக்கிழமை ஜெபத்துல வைக்கிறோம்."

தொற்காள் பெயரைச் சொல்லாமல் திரும்பி நடந்தாள்.

போகும்போது வேன் நிறையப் பேர் இருந்தார்கள். திரும்பும்போது அம்மாவும் அவளும் டிரைவரும்தான். மற்றவர்கள் பாஸ்டரின் காரிலும் ஆட்டோக்களிலும் போய்விட்டார்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர்கள் நெருக்கிக்கொண்டு நின்றன. டிரைவர் எஞ்சினை அணைத்தான். சுனாமிக்குப் பிந்தைய அந்தக் கோடையில், கடலைத் தடுக்கச் சாலை ஓரம் கொட்டியிருந்த கல்குவியல்கள்கூட அனல் விட்டன.

"அந்தச் சாட்சிய எழுதினது நீன்னு உங்கப்பாவுக்குத் தெரியும்," என்றாள் நேசம்மா, முன்னால் பார்த்தபடியே.

தொற்காள் திரும்பினாள்.

"மொத வாட்டி சண்டைக்குப் போனப்பவே பாஸ்டரு நீ எழுதினதக் காட்டிட்டாரு. உன் கையெழுத்து அவருக்குத் தெரியாதா? ரெண்டு பக்கமும் உக்காந்து படிச்சிட்டு வந்தாராம். வந்து எங்கிட்ட சொன்னாரு. எம்பொண்ணு ஒண்ணு விடாம எழுதிக்கீது, இவனுங்கதான் வெட்டிட்டானுங்க, பாவம் அதுக்குத் தெரியாது, தெரிஞ்சா நொந்துபோயிடும், நீ கேக்காதன்னு." அம்மா மூக்கை உறிஞ்சினாள். "முந்தாநேத்து கூட அதத்தான் சொன்னாரு. அதுக்குத் தெரியாதுன்னு."

வேனுக்குள் காற்றே இல்லை. நேசம்மா தன் பக்கத்து ஜன்னல் கண்ணாடியைத் தள்ளிப் பார்த்தாள். துருப்பிடித்து இறுகியிருந்தது. தொற்காள் குறுக்கே சாய்ந்து, அம்மாவின் கைக்குப் பக்கத்தில் தன் கையையும் வைத்துத் தள்ளினாள். கண்ணாடி நாலு விரல் அகலம் நகர்ந்து மாட்டிக்கொண்டது. மணலிப் பக்கத்துக் காற்று நெடியோடு உள்ளே வந்தது. இருவரும் கையை எடுக்கவில்லை.