ரெஜினா போனபின் வந்த அறைகள்

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் சவரிராஜின் வீட்டில், மகள் ரெஜினா வந்து தங்கிவிட்டுப் பெங்களூர் திரும்பும் ஒவ்வொரு முறையும், அவள் ஏறிய ரயில் சின்னசேலம் தாண்டுவதற்குள் ஒரு அறை கூடிவிடும். முதல் அறை, இறந்துபோன மனைவி ரோசியின் வருஷப் பூசைக்கு வந்துவிட்டு மகள் போன அன்று, சமையற்கட்டை ஒட்டி வந்தது. சவரிராஜ் கதவைத் திறந்து பார்த்தார். பத்துக்குப் பத்து, ஒரு ஜன்னல், புதுச் சுண்ணாம்பு வாசனை. பீங்கான் கம்பெனியில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு சுப்புராயன் வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, "ஈரம் இல்லண்ணே, நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டு டூட்டிக்குப் போனார். தெருவிலிருந்து பார்த்தால் வீடு பழைய அகலம்தான். வரி போடும் ஆள் ஒருவர் வந்து வெளியே அளந்தார், உள்ளே அளந்தார், மறுபடி வெளியே அளந்தார். டீ குடித்துவிட்டுப் போனவர் அப்புறம் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை.

யார் வந்து போனாலும் அறை வந்துவிடாது. சேத்தியாத்தோப்பிலிருந்து தம்பி ஜெயராஜ் வந்து நாலு நாள் தங்கி, மூன்று வேளையும் குறை சொல்லிக்கொண்டே சாப்பிட்டுவிட்டுப் போனபோது சுவரில் புதிதாக ஓர் ஆணிகூட இல்லை. ரெஜினா போனால்தான் அறை. பொங்கலுக்கு, ஈஸ்டருக்கு, மாதா தேருக்கு என்று அவள் வந்து போகப் போக வீடு உள்ளுக்குள்ளேயே வளர்ந்தது. பூனை பவுனு ஒருமுறை காணாமல் போய், தேடித் தேடி ஓய்ந்தபின் போன கிறிஸ்துமஸுக்கு வந்த அறையிலிருந்து சாவகாசமாக வெளியே வந்தது. நாய்க்குப் பெயர்தான் பிளாஷ், கூப்பிட்டால் எழுந்திருக்கவே கால் மணி நேரம் ஆகும். அதுவே தினமும் காலையில் சவரிராஜ் பின்னால் ஒவ்வொரு அறையாக நுழைந்து, யாரும் இல்லை என்று மோந்து பார்த்துவிட்டுத் திரும்பும். எல்லா அறையையும் கூட்டிப் பெருக்கிவிட்டு அவர் படுப்பது என்னவோ ஹாலில்தான். ஒற்றை ஆளுக்கு இத்தனை அறை எதற்கு என்று ஊரில் கேட்டார்கள். அவருக்கும் அதே கேள்விதான். தனியாக இருப்பவனுக்கு ஓர் அறையே அதிகம்.

மகளிடம் முதலில் அவர் எதையும் மறைக்கவில்லை. ஒரு தடவை அவளே எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு முகம் வாடி நின்றாள். "எனக்குப் பயமா இருக்குதுப்பா. நான் வந்துட்டு வந்துட்டுப் போறதாலதான இப்படி ஆவுது" என்றாள். அதற்குப் பிறகு வருவது குறைந்தது. சவரிராஜுக்கு அதைவிட வேறு கவலை இல்லை. அறைக்குப் பயந்து பெண் வராமலே போய்விடக் கூடாது. அடுத்து அவள் வருகிறேன் என்றதும், ஸ்டூடியோ பரணில் கிடந்த, படம் எடுக்கும்போது ஆட்களுக்குப் பின்னால் தொங்கவிடும் பழைய ஸ்கிரீன்களைத் தூசி தட்டி எடுத்து வந்து கதவுகளின் மேல் மாட்டினார். சமையற்கட்டு ஓரம் ஊட்டிப் பூங்கா, அதற்கடுத்து தாஜ்மகால், நடையில் அருவி.

"ஏம்பா வூடு ஸ்டூடியோ மாதிரி இருக்குது?"

"வெள்ளையடிக்கலம்மா, அதான்" என்று சமாளித்தார். அவளும் பாதி நம்பித்தான் சாப்பிட உட்கார்ந்தாள். அந்த நேரம் பார்த்து அருவிக்குள்ளிருந்து பிளாஷ் கொட்டாவி விட்டபடி வெளியே வந்தது. ரெஜினா எழுந்து ஸ்கிரீனை விலக்கினாள், ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போய்க் கடைசி அறையில் நின்று அழுதாள். "இனிமே நான் வரலப்பா, நீங்க அங்க வாங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அன்றைக்கு வந்த அறை கல்யாண மண்டபம் அளவுக்கு இருந்தது.

அங்கே வாங்க என்றால் சுலபமா? நாய் இருக்கிறது, பூனை இருக்கிறது, முகூர்த்த நாளெல்லாம் வேலை இருக்கிறது. ஸ்ரீமுஷ்ணம் தேருக்குப் போய்ப் படம் எடுத்தார். கம்மாபுரம் பக்கம் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த ஒரு குடும்பம், இடிப்பதற்கு முன்னால் வீட்டோடு ஒரு படம் வேண்டும் என்று கூப்பிட்டது. வாசலில் எல்லோரும் நெருக்கியடித்து நின்றார்கள். வீடு போகப் போகிற அந்த ஜனங்களைப் பார்த்து, வீடு கூடிக்கொண்டே போன இவருக்குப் பொறாமையாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொல்லியும் விட்டார்.

இரண்டு மழைக்காலம் ரெஜினா வரவில்லை, அறையும் வரவில்லை. அந்த வீட்டில் அதைவிட மோசமான காலம் இருந்ததில்லை. கடைசியில் சுப்புராயன்தான், "நாயி பூனைய நான் பாத்துக்கறேன், கெளம்புங்கண்ணே" என்று விரட்டி அனுப்பினார். பெங்களூரில் மகள் வீடு மூன்றாவது மாடியில் ஒரு ஹால், ஒரு படுக்கையறை, திரும்பினால் முழங்கை இடிக்கும் சமையலறை. அவள் நாள் முழுக்கக் காதில் ஹெட்போனும் முன்னால் லேப்டாப்புமாக இருந்தாள். இவர் சோபாவில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வரும் புறாக்களைப் படம் எடுத்தார். "போதுமாப்பா", "போதும்மா" என்று பேச்சு தட்டோடு முடிந்துபோனது. ஒரு வாரம் இருக்கலாம் என்று போனவர் நாயைச் சாக்கு சொல்லிச் சீக்கிரமே கிளம்பினார். அவள் தடுக்கவில்லை. அவளுக்கு நாம் இடைஞ்சல்தான் என்று ரயிலில் உட்கார்ந்து முடிவு கட்டிக்கொண்டார். மனசு விட்டுப்போயிற்று.

ஓசூர் தாண்டியதும் போன் வந்தது. "அப்பா, ஹால்ல டிவிக்குப் பக்கத்துல ஒரு கதவு வந்திருக்குது" என்றாள் ரெஜினா.

மூன்றாவது மாடியில் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் ஆகாயம்தானே என்று சவரிராஜுக்குத் தோன்றியது. "தொறந்து பாத்தியாம்மா?"

"பாத்தேன். சின்ன ரூமுதான். ஒரு கட்டில் போடலாம்."

"பயமா இருக்குதா?"

"இல்லப்பா." அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "ஏம்பா அவ்ளோ சீக்கிரம் கெளம்புனீங்க?"

அவர் கண்ணைத் துடைப்பதைப் பார்த்து எதிர் சீட்டுப் பெரியவர், ஏதாவது துக்கச் செய்தியா என்று விசாரித்தார். "அதெல்லாம் இல்லீங்க. பொண்ணு வூட்ல எனக்கு ஒரு ரூமு வந்திருக்குது" என்றார் சவரிராஜ்.

"நல்லதுங்க. எனக்கும் பையன் வூட்ல போன மாசந்தான் வந்துச்சு" என்று சொல்லிவிட்டு, பெரியவர் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து இவர் பக்கம் நீட்டினார்.